காசு கேட்காத உட்ஹெஞ்சும் காசைக் கறந்த டாக்ஸியும்

முதலில் டாக்ஸி கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. இங்கிலாந்தில் உட்ஹெஞ்ச் என்ற பழங்கால மரத்தூண் வட்டத்தைப் பார்க்க சாலிஸ்பரி நகரில் வாடகை பேசிவிட்டுத்தான் ஏறினோம். இறங்கும்போது ஞாயிற்றுக்கிழமை, அது இது என்று அந்த ஆள் கூடுதலாக 15 பவுண்டு கேட்டார். ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று எத்தனை தடவை சத்தியம் செய்தாலும் கை கால்குலேட்டருக்குத்தான் போகிறது. அத்தான், "விடு மச்சான், வெளியூர்ல எதுக்கு வம்பு" என்று கொடுத்துவிட்டார்.

சரி, உட்ஹெஞ்ச். புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 3 கிலோமீட்டர்தான், நுழைவுக் கட்டணமே கிடையாது. வேலி, புல்வெளி, நடுவே வட்டம் வட்டமாகக் குட்டைக் கான்கிரீட் தூண்கள். "இதைப் பாக்கவா இவ்வளவு அழுதோம்?" என்றார் அத்தான். பார்த்தவுடன் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் நிஜமான மரத்தூண்கள் மக்கி நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவை நின்ற குழிகளைத்தான் கான்கிரீட் காட்டுகிறது. மொத்தம் 168 குழிகள், ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு நீள்வட்டங்கள். மூன்றாவது வளையத் தூண்கள் மட்டும் நல்ல பருமன், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கத் தோன்றும்.

ஆனால் இது கிடைத்த விதம் இருக்கிறதே, அதற்காகவே வரலாம்! ஏதோ உழுது தேய்ந்துபோன பழைய புதைமேடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1925-ல் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி மேலே பறந்தபோது வயலில் புள்ளி புள்ளியாக வளையங்கள் தெரிய, படம் எடுத்துவிட்டார். சுற்றிலும் சுண்ணாம்புத் தரை, பழைய குழிகளில் மட்டும் ஈரம் தங்கும் மண், அதனால் அந்த இடத்துப் பயிர் மட்டும் செழித்து வளரும். தரையில் நின்று பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. அடுத்த வருஷமே தொல்லியலாளர் மாட் கன்னிங்டனும் அவர் கணவர் பெஞ்சமினும் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

நடுவில் சின்னதாக ஒரு கற்குவியல் இருக்கிறது, அங்கே ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்ததாம். மண்டை பிளந்திருந்ததால் நரபலி என்றார் மாட் கன்னிங்டன். மண் அழுத்தத்தில் தானாக விரிசல் விட்டிருக்கலாம் என்பவர்களும் உண்டு. திரும்பப் பரிசோதிக்கலாம் என்றால் லண்டனுக்குக் கொண்டுபோன அந்த எலும்புகள் இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் அழிந்துவிட்டன. இதைக் கேட்டதும் அத்தான் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

போகிறவர்கள் பக்கத்து ஊரான ஏம்ஸ்பரி வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து நடந்துவிடுங்கள், டாக்ஸி வேண்டவே வேண்டாம். கழிப்பறை, டீக்கடை எதுவும் இல்லை, ஏம்ஸ்பரியிலேயே எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள்.