எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம்

தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் பல வருஷம் வேலை பார்த்தேன். சேலை விரித்துக் காட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். விரிப்பது சுலபம். கஸ்டமர் எழுந்து போனபின் அத்தனையையும் மடிப்புக் கலையாமல் மடித்து ரேக்கில் ஏற்ற வேண்டும். காலையில் நின்றால் ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆளே வராத மதியத்திலும் அப்படித்தான், கேமரா இருக்கிறது. கூட இருந்த ஓர் அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். கழிப்பறை மேல்மாடியில். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று சூப்பர்வைசர் கேட்பார் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இதே வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரரோடு சேர்ந்து ‘பெண்கூட்டு’ அமைத்தார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் நாற்காலி. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, உட்கார வசதி தர வேண்டும் என்றது.

எங்கள் கடைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. யாரும் உட்காரவில்லை. முதலில் உட்காருகிறவள் சோம்பேறி என்று பெயர் வாங்குவாள். சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போடும். பயத்தை நாங்கள்தான் போக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அது பஸ் ஸ்டாண்டில்தான் நடந்தது. வாரலீவு ஆளுக்கொரு நாள் என்பதால் வேறு எங்கும் ஒன்றாகச் சேர முடியாது. இண்டூர், பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒருநாள் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டோம். ஒரே செக்‌ஷன், ஒரே அனுபவம், ஆனால் கவரில் இருந்த தொகை ஆளுக்கு ஆள் வேறு. “வெளியே சொல்லாதம்மா, உனக்கு மட்டும்தான் கூட்டியிருக்கு” என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம்தான் எங்களைச் சேர்த்தது.

சம்பளத்தைக் கடைசியில் கேட்கலாம் என்று முடிவு செய்தோம். தீபாவளிச் சரக்கு வந்துவிட்டால் பின்பக்கப் படிக்கட்டு முழுக்க பண்டல் அடுக்கிவிடுவார்கள். தீப்பிடித்தால் இறங்க வேறு வழி கிடையாது. படிக்கட்டைக் காலி செய்யச் சொல்லி முதலில் எழுதிக் கேட்டோம். குடோன் அண்ணன்மார்களும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். பண்டல்கள் நகர்ந்தன. அந்தத் தைரியத்தில் ஒரு மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மாடி முழுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தோம். ஸ்டூல் பத்தாதவர்கள் சேலை விரிக்கும் மெத்தை ஓரத்தில்.

“என்னம்மா இது, எல்லாரும் சேர்ந்து?”

“கஸ்டமர் வந்தா எந்திரிச்சுக்கிறோம் சார்.”

சூப்பர்வைசர் நின்று பார்த்துவிட்டுக் கீழே போனார். அந்த அக்கா காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

ஓவர்டைம் இன்னும் தீரவில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48; அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி என்கிறது சட்டம். ஆடித் தள்ளுபடியின்போது இரவு தாமதமாக விட்டு, மகளிருக்கு இலவசமான டவுன் பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோவுக்கும் நாங்களே கொடுக்கிறோம். தொழிலாளர் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். நான் இப்போது அந்தக் கடையில் இல்லை, ஆனாலும் விசாரணைக்குக் கூடப் போகிறேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று எங்களில் யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால் சம்பளக் கவர், அடையாள அட்டை, கடைக்கு வந்த நேரமும் கிளம்பிய நேரமும் எழுதிய டைரி, எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று கடையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.