பூட்டச் சொன்னால் புதைத்துவிடுகிறார்கள்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. அங்கே ஓடும் பில்லிங் புரோகிராம் யாரோ எப்போதோ விபி டாட்நெட் என்கிற புரோகிராம் மொழியில் எழுதிக் கொடுத்தது, இப்போது என் தலையில். சேவ் ஆன பில்லைத் திறந்தால் ஃபார்ம் முழுக்கச் சாம்பல் நிறம். பழைய பில்லில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எல்லா டெக்ஸ்ட்பாக்ஸுக்கும், அதாவது தட்டி நிரப்பும் கட்டங்களுக்கும், எனேபிள்ட் ஃபால்ஸ் போட்டு அணைத்திருக்கிறார்கள். நோக்கம் என்னவோ சரிதான். ஆனால் கணக்கு பார்க்கும் அக்கா, எழுத்தும் எண்ணும் கலந்து 15 இலக்கத்தில் வருமே அந்த ஜிஎஸ்டி எண், அதை ஸ்கிரீனில் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி, அப்புறம் எக்ஸெல்லில் தட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இதக் காப்பி பண்ண முடியலையே?"

முடியாதுதான். எனேபிள்ட் போய்விட்டால் அந்தக் கட்டத்துக்கு மவுஸும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. எழுத்தும் மங்கிவிடும், எழுத்தின் நிறத்தைச் சொல்லும் ஃபோர்கலரில் கறுப்பு என்று கொடுத்தாலும் கண்டுகொள்ளாது.

இந்த இடத்துக்கு ரீட்ஒன்லி ட்ரூ, அதாவது படிக்க மட்டும் என்ற அமைப்பு, போதும். விபி டாட்நெட்டுக்கு முந்தைய விபி 6-இல் இதே வேலைக்கு லாக்டு என்று ஒன்று இருந்தது. ரீட்ஒன்லி கட்டத்தில் தட்டினால் ஏறாது, ஆனால் செலக்ட் செய்து கன்ட்ரோல் சி அடிக்கலாம். ஒரே தொல்லை, டேப் அடித்துக்கொண்டே போனால் கர்சர் அங்கேயும் நின்றுவிட்டுத்தான் போகும், கவுன்ட்டரில் ஸ்கிரீனையே பார்க்காமல் என்ட்ரி போடுகிற பையன்களுக்கு அது எரிச்சல். டேப்ஸ்டாப்பையும் ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் காம்போபாக்ஸுக்கும் தேதி தேர்ந்தெடுக்கும் டேட்பிக்கருக்கும் ரீட்ஒன்லி கிடையாது. ஏன் வைக்கவில்லையோ! நான் பார்க்க மட்டுமான நிலையில் காம்போவை மறைத்துவிட்டு அதே இடத்தில் ஒரு ரீட்ஒன்லி டெக்ஸ்ட்பாக்ஸைக் காட்டுகிறேன்.

சரி, எனேபிள்ட் வேண்டவே வேண்டாமா என்றால் அப்படியில்லை. "கடன்" என்பதை டிக் செய்தால்தான் தவணைத் தேதி கேட்க வேண்டும், அங்கே சாம்பல்தான் சரி. அந்தக் கட்டங்களையெல்லாம் ஒரு குரூப்பாக்ஸில் போட்டு அதன் எனேபிள்டை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது மொத்தமும் அடங்கிவிடும். திரும்பத் திறக்கும்போது, தனியாக மூடி வைத்த கட்டம் மூடியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, ஃபார்ம் திறக்கும்போது ஓடும் ஃபார்ம்லோடை நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வெப் பக்கத்தில் கதையே வேறு. டிசேபிள்ட் என்று போட்ட இன்புட்டின் மதிப்பு, ஃபார்மை சப்மிட் செய்யும்போது சர்வருக்கே போகாது, பில் நம்பர் எங்கே காணோம் என்று நாம் கோடில் தேடிக்கொண்டிருப்போம். ரீட்ஒன்லி போட்டால் போகும். ஆனால் இரண்டுமே எஃப்12 அழுத்தி பிரவுசரிலேயே பக்கத்தின் கோடைத் திறக்கத் தெரிந்தவனைத் தடுக்காது, அந்த ஒரு வார்த்தையை அழித்துவிட்டு விலையை 1 ரூபாய் ஆக்கி அனுப்பலாம். அதனால் கடையின் ஆர்டர் பக்கத்தில், பிரவுசர் அனுப்பும் விலையை நான் எடுப்பதே இல்லை, பொருள் எண்ணை வைத்து டேட்டாபேஸிலிருந்துதான் எடுக்கிறேன்.