டப்பாவின் எடை

பாம்பு முட்டைகளைப் பொரிக்கவைக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், என் கண் எப்போதும் ஈரப்பதமானியின் மேல்தான் இருக்கும். அது 95 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவேன்.

ராயல் பைத்தான் என்ற வகை மலைப்பாம்பு ஒன்று ஏழு முட்டைகள் இட்டிருந்தது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் நிரப்பிய டப்பாவில், 32 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தோம். மூன்றாம் வாரம் முட்டைகளில் குழி விழ ஆரம்பித்தது. மானியோ 96 என்கிறது. பதறிப்போய், ஓரமாகத் தண்ணீரை ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அடியில் இருந்த இரண்டு முட்டைகள் மஞ்சளாகிக் கெட்டுப்போயின. பிரித்துப் பார்த்தபோது இரண்டிலும் கரு நன்றாக வளர்ந்திருந்தது. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

தோல் போன்ற அந்த ஓடு வழியாகத்தான் கரு சுவாசிக்கிறது. சுற்றிலும் தண்ணீர் தேங்கினால் காற்று உள்ளே போகாது. முட்டை தண்ணீர் குடிப்பதும் பெரும்பாலும் தான் படுத்திருக்கும் வெர்மிகுலைட்டிலிருந்துதான். அது பாதி காய்ந்திருந்தாலும் மூடிய டப்பாவின் காற்று ஈரமாகவே இருக்கும். மானி சொன்னது பொய்யில்லை. நான்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தராசை எடுத்துட்டு வா தம்பி," என்றார் மூத்த பணியாளர் ஒருவர். அன்றிலிருந்து வெர்மிகுலைட்டும் தண்ணீரும் சம எடையில் கலக்கிறேன். கையில் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டைகளை வைத்ததும் மூடியோடு எடை போட்டு, டப்பாவின் மேல் எழுதிவிடுவேன். வாரம் ஒருமுறை மறுபடி எடை. குறைந்த கிராம்தான் வெளியேறிய நீர். அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரை, முட்டையில் படாமல் ஓரத்தில் விடுவேன். மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்தால், உள்ளே கோக்கும் துளிகள் முட்டை மேல் சொட்டாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். முட்டையைத் திருப்பவே கூடாது. அதனால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன்.

அடுத்த முறை 52ஆம் நாளில் மறுபடி குழி விழுந்தது. கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போனது. சரி, முதலில் எடை பார்ப்போம் என்று தராசில் வைத்தேன். மூன்று கிராம்தான் குறைந்திருந்தது. பொரிக்கும் நாள் நெருங்கினால் முட்டைகள் இப்படிக் குழிவது வழக்கம்தான். குவளையைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்துக் காலையில் அறையைத் திறந்தபோது, முதல் முட்டையின் ஓடு கிழிந்து, ஈரமான சின்ன மூக்கு ஒன்று வெளியே நீண்டிருந்தது.