23 அங்கிள் நாவல்கள், இதுவரை 15

போன வருடம் ஆடி மாதத்தில் இந்த வேலையைத் தொடங்கினேன். 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' என்ற அமெரிக்க டிவி தொடரை வைத்து ஏஸ் புக்ஸ் வெளியிட்ட 23 உளவு நாவல்களையும் வரிசை மாறாமல் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு பக்கமாவது எழுத வேண்டும். இதுவரை 15 முடிந்திருக்கிறது. பாதிக்கு மேல் வந்துவிட்டதால் கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1964 செப்டம்பரில் என்பிசி-யில் தொடங்கி 1968 ஜனவரி வரை 105 எபிசோடுகள் வந்தது. நெப்போலியன் சோலோ அமெரிக்கன், இல்யா குரியாகின் ரஷ்யன். இரண்டு பேரும் 'அங்கிள்' என்ற உளவு அமைப்பின் ஆட்கள், மேலதிகாரி வேவர்லி என்ற பெரியவர். சோலோ என்ற பெயரைக் கொடுத்தவர், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுப்போர் விளிம்புவரை போன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் ஓர் அமெரிக்கனும் ரஷ்யனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகக் காட்டியது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அந்த அலுவலகத்துக்கு வழி, நியூயார்க்கில் ஒரு சாதாரண தையல் கடை. உடை மாற்றும் அறைக்குள் போய்ச் சுவரில் இருக்கும் கொக்கியைத் திருப்பினால் சுவரே கதவாகத் திறக்கும்.

தொடரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாவல்களைத் தொட்டதில்லை. டிவியை வைத்து எழுதும் புத்தகம் என்றாலே அவசரத்தில் தட்டிய சரக்கு என்று பேச்சு உண்டு, நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். படித்துப் பார்க்காமலே நம்பியது உறுத்தியது. அதனால்தான் ஆரம்பித்தேன்.

புத்தகம் சேர்ப்பதே முதல் வேலை. எல்லாம் பழைய பேப்பர்பேக், ஆளாளுக்கு ஒரு இடத்திலிருந்து இணையத்தில் வாங்கியது. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதே நாவல்கள் பிரிட்டனிலும் வந்தன. அங்கே எண்ணிக்கையும் குறைவு, வரிசையும் வேறு. ஜான் ஓரம் எழுதிய 'தி ஸ்டோன் கோல்ட் டெட் இன் தி மார்க்கெட் அஃபேர்' அமெரிக்க வரிசையில் 22-ஆவது, பிரிட்டனில் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. எண்ணை நம்பி வாங்கினால் ஒரே கதை இரண்டு அட்டையில் வந்து சேரும். எனக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று. அதற்குப் பிறகு தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

முதல் பார்சலில் நான்கு புத்தகம். முதல் நாவலின் அட்டையைத் திறந்ததுமே முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். 60 வருடப் பசை பிஸ்கட் மாதிரி உடைந்து, பழுப்பான பக்கங்கள் பத்துப் பத்தாகக் கையோடு வந்தன. படிப்பதற்கு முன்னால் பைண்டிங் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை.

இரண்டாவது நாவலில் நானாகவே முயன்றேன். ஃபெவிகாலை முதுகில் தாராளமாகப் பூசி, மேலே அகராதியை ஏற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பசை உள்ளே இறங்கி, நடுவில் நான்கு பக்கங்கள் ஓர விளிம்பு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது இரண்டு பக்கங்களில் முதல் எழுத்துகள் பெயர்ந்து போயின. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் ஆபீஸ் ரெஜிஸ்டர்களுக்கும் பைண்டிங் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த புத்தகத்தை அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, இது தைச்ச புத்தகம் இல்லையே, வெறும் பசையில நிக்கிற புத்தகம். மேலே பூசினா எப்படி நிக்கும்? ஒவ்வொரு தாளோட விளிம்புலயும் பசை மயிரிழை அளவுக்கு ஏறணும்" என்றார்.

செய்தும் காட்டினார். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, தாள்களைத் தட்டி நேராக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் முதுகு கொஞ்சம் வெளியே தெரியும்படி பிடித்தார். தாள் கட்டை ஒரு பக்கமாக விசிறி மாதிரி சாய்த்து, தண்ணீர் கலந்த பசையை பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னொரு இழுப்பு. நேராக்கி, முதுகின் நீளத்துக்கு ஒரு கீற்று மல் துணியை ஒட்டினார். "ஒரு ராத்திரி முழுக்கத் தொடாதீங்க. செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீங்க, அது தாளையே தின்னுடும்." அன்றிலிருந்து 11 புத்தகங்களை நானே அப்படிக் கட்டியிருக்கிறேன். ஒன்றுகூட இதுவரை விடவில்லை.

இனி கதைக்கு வருகிறேன். முதல் நாவல் மைக்கேல் அவலோன் எழுதியது, 1965. அட்டையில் விலை 50 சென்ட். உடைகளைத் திருப்பிப் போட்ட நிலையில் கிடக்கும் ஒரு பிணத்தில்தான் துப்பு இருக்கிறது. வேகம் உண்டு, ஆனால் சோலோவை எனக்கு அடையாளம் தெரியவில்லை, வேறு யாரோ ஒரு துப்பறிவாளன் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. இரண்டாவது, ஹாரி விட்டிங்டன் எழுதிய 'தி டூம்ஸ்டே அஃபேர்'. எதிரியின் பெயர் டிக்ஸே யில்னோ. ஆங்கில எழுத்தில் எழுதி ஒவ்வொரு சொல்லையும் பின்னாலிருந்து படித்தால் 'எக்ஸிட் ஒன்லி' என்று வரும். மூன்றாவது, ஜான் ஓரம் எழுதிய 'தி கோபன்ஹேகன் அஃபேர்'. டென்மார்க்கில் பறக்கும் தட்டு. இதைப் படிக்கும்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காரணம் இது. தொடரில் சோலோவும் இல்யாவும் உலகம் முழுக்கச் சுற்றுவார்கள், ஆனால் பெரும்பாலும் அந்த உலகம் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் பின்கட்டுத் தெருக்கள்தான். ஒரே தெரு ஒரு வாரம் இத்தாலி, அடுத்த வாரம் கிழக்கு ஐரோப்பா. வாராவாரம் ஓர் எபிசோடு எடுக்க வேண்டியவர்களுக்கு வேறு வழி இல்லை. நாவல் எழுதுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஜான் ஓரமுக்கு டென்மார்க் தெரியும். நாஜிகளை எதிர்த்த டென்மார்க் தலைமறைவு இயக்கத்தைப் பற்றிப் பின்னாளில் தனிப் புத்தகமே எழுதியவர். அதனால் கதையில் சோலோவுக்கு உதவுகிறவர்கள் வெறும் துணைப் பாத்திரங்களாக இல்லை, 20 வருடத்துக்கு முன்னால் நிஜமாகவே ஒளிந்து வாழ்ந்த மனிதர்களின் பழக்கவழக்கம் அவர்களிடம் இருக்கிறது. டிவி காட்ட முடியாத ஒன்றை 50 சென்ட் புத்தகம் காட்டியது. அன்றைக்கே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: 'தொடரில் இல்லாதது.'

அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது நான்காவது நாவலில்தான். டேவிட் மெக்டேனியல் எழுதிய 'தி டேகர் அஃபேர்'. இதைப் பற்றி மட்டும் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

தொடரில் எதிரி அமைப்பின் பெயர் த்ரஷ். அது எதன் சுருக்கம், எங்கிருந்து வந்தது என்று டிவியில் கடைசிவரை சொல்லவே இல்லை. மெக்டேனியல் சொல்கிறார். வேண்டாதவர்களை அகற்றி மனித குலத்தை அடிமைப்படுத்துவதற்கான தொழில்நுட்பப் படிநிலை என்பது அதன் விரிவு. ஷெர்லாக் ஹோம்ஸின் எதிரி பேராசிரியர் மோரியார்டி அருவியில் விழுந்து இறந்த பிறகு, அவருடைய ஆட்கள் மிச்சத்தைத் திரட்டி உருவாக்கியதுதான் த்ரஷ் என்று ஒரு பூர்வகதையும் கொடுக்கிறார். தொடர் விட்டுவைத்த ஓட்டையை அழகாக அடைத்துவிட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது கதையின் அடிப்படை. டேகர் என்ற மூன்றாவது கூட்டம் ஒரு கருவி செய்கிறது. அதை இயக்கினால் மின்சாரம் ஓடாது, இன்ஜின் நின்றுவிடும், சக்தியைக் கூட்டினால் மனித நரம்பே வேலை செய்யாது. உலகத்தை ஆள நினைக்கிற த்ரஷுக்கு ஆளுவதற்கு உலகம் வேண்டுமே! அதனால் அங்கிளும் த்ரஷும் கை கோக்கிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் த்ரஷின் தலைவர் வார்டு பால்ட்வின். வயதானவர், மரியாதை தெரிந்தவர், மனைவி ஐரீனோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவர். நேற்றுவரை கொல்லப் பார்த்தவர்களை வீட்டில் வரவேற்று உபசரிக்கிறார். அந்தப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு தடவை படித்தேன். எதிரி என்றால் கத்த வேண்டும், சிரிக்க வேண்டும் என்று பழகிப்போன தொடரில் இப்படி ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்க தைரியம் வேண்டும்.

ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை கலவை. ஜான் ஃபிலிஃபென்ட்டின் 'மேட் சயன்டிஸ்ட்' சுமார். பீட்டர் லெஸ்லி சூடான், பிரேசில் என்று ஊர் ஊராகக் கூட்டிப் போகிறார், வண்டி ஓட்டம் நன்றாக எழுதுவார், மனிதர்கள்தான் நிற்பதில்லை. தாமஸ் ஸ்ட்ராட்டன் என்ற பெயரில் எழுதியது ஜீன் டிவீஸ், ராபர்ட் கூல்சன் இருவரும். அந்த இரண்டு நாவல்களையும் வேகமாகத் தாண்டினேன். இடையில் வந்த எட்டாவது நாவலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

தொடரின் ஒவ்வொரு எபிசோடிலும் நான்கு அங்கம் உண்டு, ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு தலைப்பு திரையில் வரும். அதைப் பார்த்துப் பழகியதால் நாவல்களின் அத்தியாயத் தலைப்புகளையும் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைப்பது என் வழக்கம். 'தி மான்ஸ்டர் வீல் அஃபேர்' மெக்டேனியலின் மூன்றாவது நாவல். விண்வெளியில் சக்கர வடிவ நிலையம் ஒன்று தோன்றும் கதை. 16 அத்தியாயம். எழுதி முடித்து, ஒவ்வொரு தலைப்பின் முதல் ஆங்கில எழுத்தையும் பென்சிலால் வட்டமிட்டு மேலிருந்து கீழே படித்தேன். ஏ, ஏ, டபிள்யூ, ஒய், என்... பதினாறையும் சேர்த்தால் 'ஏ. ஏ. வின் ஒரு கஞ்சன்' என்று பொருள் தரும் ஆங்கில வாக்கியம். ஏ. ஏ. வின் என்பவர்தான் ஏஸ் புக்ஸின் உரிமையாளர். உளவு நாவலுக்குள் ஒரு ரகசியச் செய்தியை ஒளித்து, அதை அந்த முதலாளியின் பதிப்பகத்தையே வெளியிட வைத்திருக்கிறார் மெக்டேனியல். சம்பளம் போதாத ஒரு எழுத்தாளரின் கோபம் 60 வருடம் கழித்து என் மேசையில் பென்சில் வட்டங்களாகக் கிடந்தது. அவர் 1977-இல் காலமானார். இந்தப் புத்தகத்தை யாரோ ஒருத்தி இவ்வளவு நிதானமாகப் படிக்கிறாள் என்று அவருக்குச் சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதின்மூன்றாவதும் அவருடையதே, 'தி ரெயின்போ அஃபேர்', 1967. லண்டனில் ஜானி ரெயின்போ என்ற கொள்ளைக்காரனை த்ரஷ் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. வழியில் சோலோவும் இல்யாவும் சந்திக்கிற ஆட்களுக்கு முழுதாகப் பெயர் சொல்வதில்லை. தேனீ வளர்க்கும் மிக வயதான ஒரு மனிதர், பின்னல் ஊசியோடு கூர்மையாகக் கேள்வி கேட்கும் ஒரு மூதாட்டி, நடத்தை மாறாத ஒரு கனவானும் அவரோடு வரும் துடிப்பான பெண்ணும். ஆங்கிலத் துப்பறியும் கதைகளும் டிவியும் தெரிந்தவர்களுக்கு யார் யார் என்று பளிச்சென்று தெரியும். நான் தேனீக்காரரை உடனே பிடித்துவிட்டேன். மற்ற சிலருக்கு ஒரு வாரம் தேடினேன்.

பதினைந்தாவது 'தி யூட்டோபியா அஃபேர்', போன வாரம் முடித்தது. தொடரின் மூன்றாவது சீசன் கோமாளித்தனத்தில் இறங்கி, சோலோ கொரில்லாவோடு நடனமாடும் அளவுக்குப் போனது. அதன் பிறகு வந்த நாவல் இது. வேவர்லியைக் கட்டாய ஓய்வில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறார்கள். இல்யா அவருக்குக் காவல். சோலோ வேவர்லியின் நாற்காலியில் உட்காருகிறான். துப்பாக்கி வேலையில் கெட்டிக்காரனான அவன், இப்போது தந்திகள், அறிக்கைகள், பட்ஜெட், தூக்கமின்மை இவற்றோடு சண்டை போடுகிறான். அவனை அந்த நாற்காலியிலேயே நொறுக்குவதுதான் த்ரஷின் திட்டம். 105 எபிசோடுகளில் வேவர்லியை மேசைக்குப் பின்னால் பைப்போடு பார்த்திருக்கிறேன். அந்த மேசை என்ன கனம் என்று இந்த நாவலில்தான் புரிந்தது. படித்த கையோடு பழைய எபிசோடு ஒன்றைப் போட்டேன். அவர் வந்து உட்காரும் காட்சியில் என்னை அறியாமல் அவர் கண்களைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம், இந்தத் தொடருக்கு மாத இதழ் ஒன்றும் இருந்தது. 1966 பிப்ரவரி முதல் 1968 ஜனவரி வரை 24 இதழ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குறுநாவல். ராபர்ட் ஹார்ட் டேவிஸ் என்ற ஒரே பெயரில் பலர் எழுதினார்கள். இப்போதைக்கு அதைத் தொடப்போவதில்லை. 23 முடியட்டும்.

அடுத்தது 16, பீட்டர் லெஸ்லியின் 'ஸ்பிளின்டர்டு சன்கிளாசஸ்'. ஆனால் மனசு 17-இல் இருக்கிறது. 1969-இல் வந்த 'தி ஹாலோ கிரவுன் அஃபேர்'. மெக்டேனியல் எழுதியது, வார்டு பால்ட்வின் மறுபடியும் வருகிறார். புத்தகம் நேற்றுத்தான் வந்தது, முதுகு இரண்டாகப் பிளந்து, முதல் 30 பக்கம் தனியாக. இரவு தாள்களை விசிறி மாதிரி சாய்த்துப் பசை பூசி, துணி ஒட்டி, பலகைக்கு நடுவில் இறுக்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் எடுக்கலாம். அதற்குள் 16-ஐப் பாதியாவது தாண்ட வேண்டும்.