'விளக்கம் அளிக்கப்பட்டது' என்ற ஒரு வரி

ஒவ்வொரு செவிலியரும் தம் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கக்கூடிய வரி ஒன்று உண்டு: "நோயாளிக்கும் உறவினருக்கும் விளக்கம் அளிக்கப்பட்டது." நோயாளி வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் கையில் கொடுத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்து, குறிப்பேட்டில் இந்த வரியை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அதில் இடமே இல்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு முதியவரால். இதயம் பலவீனமடைந்து உடலில் நீர் கோத்துக்கொண்ட நிலையில் சேர்க்கப்பட்டு, சிகிச்சையில் தேறி வீடு திரும்பத் தயாராக இருந்தார். "தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்து எழுதி வையுங்கள் ஐயா, எடை ஏறினால் எங்களுக்குத் தெரிவியுங்கள்" என்று சொன்னேன். "சரி சிஸ்டர்" என்று தலையாட்டினார். மூன்று வாரங்களில் மூச்சு வாங்க, கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் நிலையில் திரும்பி வந்தார். கையோடு ஒரு சிறிய நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் விடாமல், கோணல் இல்லாத கையெழுத்தில், தேதி போட்டு எடையை எழுதியிருந்தார். கடைசி ஐந்து நாட்களில் எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. "ஏன் ஐயா, உடனே தெரிவித்திருக்கலாமே?" என்றேன். "எடை ஏறினால் உடம்பு தேறுகிறது என்றுதானே அம்மா அர்த்தம்? நல்ல சேதிதானே, அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்" என்றார்.

அவர் என் சொல்லைத் தட்டவில்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார். எடை ஏறுவது ஏன் ஆபத்து என்பதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையாக இருக்க முடியாது, உடலில் தங்கிவிட்ட நீர்தான். ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ எடை. இதயம் பலவீனமாக இருப்பதால் வெளியேறாமல் தங்கும் அந்த நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். இந்த மூன்று செய்திகளைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 'எடை ஏறுவது' என்ற சொல்லுக்கு வாழ்நாள் முழுவதும் அவர் அறிந்திருந்த பொருள் ஒன்று. நான் மனத்தில் வைத்திருந்த பொருள் வேறொன்று. இரண்டும் மோதிக்கொள்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கிருந்த ஒரே வழி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது. நான் அதைச் செய்யவில்லை.

அதன் பிறகுதான் நோயாளிக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவத் தகவல்களை நோயாளிகள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை 2003-இல் தொகுத்து எழுதிய நெதர்லாந்து உளவியல் ஆய்வாளர் ராய் கெசல்ஸ், சொல்லப்படும் தகவல்களில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனடியாகவே மறந்துபோகிறது என்றும், நினைவில் நிற்பவற்றிலும் ஏறத்தாழப் பாதி தவறாகவே நிற்கிறது என்றும் குறிப்பிடுகிறார். மறதியைவிட அந்த இரண்டாவது செய்திதான் என்னை அதிகம் கலங்கடித்தது. மறந்துவிட்டவர் திரும்பக் கேட்பார். தவறாக நினைவில் வைத்திருப்பவர் கேட்க மாட்டார். நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டே இருப்பார்.

அதே 2003-இல் அமெரிக்க மருத்துவர் டீன் ஷில்லிங்கரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு நோயாளிகளுடன் மருத்துவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தது. புதிதாகச் சொல்லப்பட்ட விஷயங்களில் 12 சதவீதம் மட்டுமே நோயாளிக்குப் புரிந்ததா என்று சரிபார்க்கப்பட்டிருந்தன. அப்படிச் சரிபார்த்த மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. நோயாளி தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வதை 'டீச்-பேக்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, பாடம் நடத்தும் எவரும் செய்வதுதான். ஆனால் நோயாளியிடம் கேட்கும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு "புரிந்தது" என்ற ஒரே பதில்தான் உண்டு, வெள்ளைச் சீருடைக்கு முன்னால், கட்டிலில் படுத்திருக்கும் எவரும் வேறு பதில் சொல்ல மாட்டார். "எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றால் அது தேர்வாகிவிடும். "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கும்போது சோதிக்கப்படுவது நான்தான் என்று ஆகிறது. திருப்பிச் சொன்னதில் பிழை இருந்தால், பிழை என் விளக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதே சொற்களை உரக்கச் சொல்லாமல் வேறு வழியில் சொல்ல வேண்டும்.

கையால் செய்ய வேண்டியவற்றுக்குத் திருப்பிச் சொல்வதும் போதாது, செய்தே காட்ட வேண்டும். இன்ஹேலரைப் பற்றி நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான மதிப்பாய்வு, அதைச் சரியாகப் பயன்படுத்துவோர் 31 சதவீதம்தான் என்றும், அந்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை முன்னேறவே இல்லை என்றும் காட்டியது. இதை வார்டில் கண்ணாலேயே காணலாம்: மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துவதற்குப் பதிலாக, முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுக்கிறவரின் வாயோரத்தில் மருந்து வெண்புகைபோலக் கசிந்து வெளியேறும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் சொல்வார், நாமும் மருத்துவரிடம் அதையே சொல்வோம், வேறு மருந்து எழுதப்படும். ஒருமுறை அவரை நம் எதிரில் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும்.

நோயாளிக் கல்வி என்றாலே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற பட்டியல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜீன் ஜான்சன் என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் 1970-களில் நடத்திய ஆய்வுகள் அந்த எண்ணத்தை எனக்கு மாற்றின. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு சிகிச்சை முறையின் படிகளைச் சொல்வதும், அது நடக்கும்போது உடம்பு எப்படி உணரும் என்பதைச் சொல்வதும் ஒன்றுதானா? எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை அகற்றும்போது 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அவருடைய குழு பார்த்தது. ரம்பத்தின் சத்தம் எப்படியிருக்கும், அதிர்வும் லேசான சூடும் தெரியும், உள்ளே தோல் காய்ந்து செதில் செதிலாக இருக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாகக் கலங்கினார்கள். நான் இதைப் படித்த பிறகு, அறுவைக்குப் பின் வைக்கப்பட்ட குழாயை எடுப்பதற்கு முன் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "உள்ளிருந்து ஏதோ நழுவி இழுபடுவதுபோல இருக்கும், நீங்கள் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று சொல்கிறேன். என் கையைப் பிடிக்கும் அந்தப் பிடியின் இறுக்கத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

அதற்கும் முன்பே, 1964-இல், பாஸ்டனில் மயக்க மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட் குழுவினர் வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரிடம் நடத்திய ஆய்வு இருக்கிறது. வலி எங்கே வரும், ஏன் வரும், எப்படித் தளர்ந்து மூச்சுவிட்டால் குறையும், எப்படித் திரும்பிப் படுப்பது என்று முன்னரே சொல்லி ஊக்கப்படுத்தப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட வலி நிவாரணி மருந்தின் அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பேச்சு, அங்கே, மருந்தின் வேலையைச் செய்தது.

செவிலியராகப் பயின்று பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளராக இருந்த கேட் லாரிக், மூட்டு வீக்கம் உள்ளவர்களுக்கு வகுப்புகள் நடத்தியபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். உடற்பயிற்சி போன்ற பழக்கங்களில் ஏற்பட்ட மாற்றத்தை வைத்து மட்டும் நோயாளிகளின் வலி குறைந்ததை விளக்க முடியவில்லை. நோயின் முன்னால் தாம் கையறு நிலையில் இல்லை, தம்மால் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்ததோடுதான் வலி குறைந்ததற்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. நலவாழ்வு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதன் உட்பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பயமுறுத்திக் கற்பித்தால் தகவல் போய்ச் சேரலாம், இந்த நம்பிக்கை போய்விடும். "இதைச் செய்யாவிட்டால் திரும்பவும் இங்கேதான் வந்து படுக்க வேண்டும்" என்று சொல்லும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அதை நாம் கைவிட வேண்டும்.

செவிலியர் கற்பிப்பதால் நோயாளி மீண்டும் சேர்க்கப்படுவது குறையுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 223 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு திரும்பும் முன் செவிலியர் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கற்பித்தவர்களுக்கு, அடுத்த 180 நாட்களில் மீண்டும் சேர்க்கப்படும் அல்லது உயிரிழக்கும் ஆபத்து 35 சதவீதம் குறைவாக இருந்தது. மேரி நெய்லர் என்ற செவிலிய ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 65 வயதைக் கடந்த 363 நோயாளிகளில் ஒரு பகுதியினரை மேற்பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருத்துவமனையிலும் பின்னர் வீட்டுக்கே சென்றும் தொடர்ந்து கவனித்தார்கள். 24 வாரங்களில் ஒருமுறையாவது மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் அவர்களில் 20.3 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 37.1 சதவீதம்.

ஒரு மணி நேரம். அதைப் படித்தபோது என் மனம் முதலில் போனது பணிப் பட்டியலுக்குத்தான். இங்கிலாந்தின் 46 மருத்துவமனைகளில் 2,917 செவிலியர்களிடம் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நேரமின்மையால் கடைசிப் பணிமுறையில் எதை விட்டுவிட்டீர்கள் என்ற கேள்விக்கு, நோயாளியிடம் ஆறுதலாகப் பேசுவதை என்று 66 சதவீதத்தினரும், நோயாளிக்குக் கற்பிப்பதை என்று 52 சதவீதத்தினரும் பதில் சொன்னார்கள். சிகிச்சை முறைகளும் வலிக்கான கவனிப்பும் மிகக் குறைவாகவே விடுபட்டிருந்தன. எனக்கு இதில் வியப்பில்லை. ஊசி போடாவிட்டால் மறுநாள் கேள்வி வரும். சொல்லிக் கொடுக்காவிட்டால் எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் குறிப்பேட்டில் அந்த வரி இருக்கிறது. ஆகவே இதைச் செவிலியரின் அக்கறையின்மை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கற்பிக்கும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு அதற்கேற்ப ஆட்களை நியமிக்காத வரை, அது மனசாட்சியுள்ள ஒருவர் தம் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து பிய்த்துக் கொடுக்கும் நேரமாகவே இருக்கும்.

அதுவரை என்னால் மாற்ற முடிந்தது அந்த ஒரு வரியைத்தான். கடைசி நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்தே மருந்து கொடுக்கும்போது ஒன்று, எடை பார்க்கும்போது ஒன்று என்று சொல்லி, அன்று மாலையே திருப்பிக் கேட்கிறேன். வீட்டில் மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். சென்ற வாரம் ஒருவருக்கு எழுதிய குறிப்பு இது: "மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, உடனே அழைக்க வேண்டும் என்று நோயாளி தம் வாயாலேயே சொன்னார். எடைக் கருவியில் தாமே நின்று எண்ணைப் படித்துக் காட்டினார். நீர் வெளியேறுவதற்கான மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும் என்பதை மகள் இரவு என்று மாற்றிச் சொன்னார், மீண்டும் விளக்கப்பட்டது. நாளைக் காலைப் பணிமுறையில் இருப்பவர் மகளிடம் இன்னொரு முறை கேட்கவும்."