நானோகுழாய் ஜெல்லில் ஓடுவது எலக்ட்ரானா, அயனியா?

கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன, மின்சாரம் கடத்தும் மிக நுண்ணிய குழாய்) கலந்த ஹைட்ரோஜெல்லில், அதாவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் ஜெல்லில், மின்சாரம் ஓடுமா என்றால் ஓடும், ஆனால் குழாயே போடாத ஜெல்லிலும் ஓடும். பெரும்பகுதி தண்ணீர்தானே, அதில் கொஞ்சம் உப்பு இருந்தாலே போதும். ஓடுவது குழாய் வழியாக எலக்ட்ரானா, தண்ணீர் வழியாக அயனியா என்று பிரித்துக் காட்டுவதுதான் கஷ்டம். மதுரையில் என் பிஎச்.டி. வேலையில் பெரும்பங்கு இதற்கே போனது. இனி செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நானோகுழாய்கள் தண்ணீரில் கலக்காது, கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சோப்பு போன்ற பொருள்) கரைசலில் போட்டு, கரைசலுக்குள் கம்பியை விட்டு மீயொலியால் அதிரவைக்கும் புரோப் சொனிகேட்டரால் பிரித்தேன். அது பயங்கரமாகச் சூடேற்றும், அதனால் பீக்கரை ஐஸில் வைத்து விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் ஐஸ் போட்டு மாளாது. நன்றாகப் பிரியட்டும் என்று ரொம்ப நேரம் ஓட்டவும் கூடாது. குழாய்கள் உடைந்து குட்டையாகிவிடும், குட்டைக் குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியான பாதை அமைக்க இன்னும் அதிகமாகப் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஜெல். பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற பாலிமரைச் சூடான தண்ணீரில் கரைத்து, குழாய்க் கரைசலைக் கலந்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து இளக விட்டு, மறுபடி உறைய வைத்து எடுத்தேன். வேறு வேதிப்பொருள் இல்லாமலே கெட்டிப்படும். பாதி உறைந்திருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சுற்று வீண், அதனால் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவேன்.

அளப்பதில்தான் விஷயமே இருக்கிறது. மல்டிமீட்டரின் இரண்டு முனையைக் குத்தினால் அது காட்டும் ஓம் எண் நிற்காது, ஏறிக்கொண்டே போகும்: அயனிகள் மின்முனையில் போய்க் குவிகின்றன. எனக்குக் கைகொடுத்தது அந்தக் குவிதலேதான். 100 மில்லிவோல்ட் டி.சி. கொடுத்து (தண்ணீர் பிரிய 1.23 வோல்ட் வேண்டும், அதற்கு வெகு கீழே) காத்திருந்தால் அயனி மின்னோட்டம் இறங்கிக்கொண்டே வந்து கிட்டத்தட்ட நின்றுவிடும், எலக்ட்ரான் மின்னோட்டம் நிற்காது. கடைசியில் மிஞ்சுவதுதான் குழாய்களின் பங்கு. குறைவாகக் குழாய் போட்ட ஜெல்களில் மின்னோட்டம், குழாயே போடாத வெற்று ஜெல்லில் போலவே இறங்கியது. குழாய் ஓர் அளவைத் தாண்டியதும் மின்னோட்டம் பாதி வழிவரை இறங்கி, அதற்கு மேல் இறங்காமல் அப்படியே நிலைத்தது, அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தேகம் தீர அதே ஜெல்லைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி எஸ்.டி.எஸ்.ஸை வெளியேற்றினேன். தொடக்க மின்னோட்டம் நன்றாகக் குறைந்தது, மிஞ்சியது பெரிதாக மாறவில்லை.

வெற்று ஜெல்லிலும் அதே அளவு எஸ்.டி.எஸ். இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் சோடியமும் மின்சாரம் கடத்தும், வெறும் பி.வி.ஏ.வோடு ஒப்பிட்டால் எல்லாப் பெருமையும் குழாய்க்குப் போய்விடும். வெப்பநிலையையும் குறித்தே ஆக வேண்டும். கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலின் கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ், ஆனால் அயனிக் கடத்தல் டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் ஏறும், நம்மூர் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் கால் பங்கு கூடுதலாகக் காட்டும். ஃபேனுக்கு அடியில் ஜெல்லைத் திறந்து வைக்கவே கூடாது. தண்ணீர் வற்றிச் சுருங்கினால் குழாய்கள் நெருங்கிக் கடத்தல் ஏறிவிடும். மூடியுள்ள அச்சில் வைத்து, அளப்பதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்.