திங்கட்கிழமைக் கேள்வி

எங்கள் செட்டில் படித்தவர்களுக்கு நிச்சயம் நினைவிருக்கும். ஞாயிறு மதியம் ஊர்ப் படிப்பகமான வாயனசாலையில் தூர்தர்ஷன் படம். திங்கள் காலை முதல் பீரியடில், சாக்பீஸைத் தொடுவதற்கு முன்னால், தமிழ் சார் ஒரு கேள்வி கேட்பார். படத்தின் கதை என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அந்தப் பெரியவர் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன செஞ்சார்?" "அவ தட்டை எங்கே கொண்டுபோய் வெச்சா?" இப்படித்தான் இருக்கும். பதில் சொல்லாவிட்டால் அடியெல்லாம் கிடையாது. "சரி, அடுத்த வாரம் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், ரேஷன் கடையில் இரண்டும். கிழக்கே பொள்ளாச்சிக்குப் போனால் தமிழ்ப் படம், மேற்கே சித்தூருக்குப் போனால் மலையாளப் படம். ஞாயிறு மதியம் மட்டும் வங்காளம், கன்னடம், அசாமி என்று எது வேண்டுமானாலும் வரும். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். அதனால் ஆட்களின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அங்கேதான் இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை 'எலிப்பத்தாயம்' போட்டார்கள். எலிப்பொறி என்று அர்த்தம். அடூர் கோபாலகிருஷ்ணன் 1981-ல் எடுத்த மலையாளப் படம். மறுவருடம் லண்டன் திரைப்பட விழாவில் சதர்லாண்ட் பரிசு வாங்கியது. அதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு பழைய தறவாட்டு வீடு (பரம்பரைக் குடும்ப வீடு), உண்ணி என்று ஒருவர், மூன்று சகோதரிகள். உண்ணி சாய்வு நாற்காலியில் கிடப்பார். கண்ணாடி முன் நின்று மீசையில் நரைத்த மயிரைக் கத்தரிப்பார். முற்றத்தில் மாடு புகுந்தால் எழுந்து விரட்டமாட்டார், உள்ளே வேலையாக இருக்கும் ராஜம்மாவைக் கூப்பிடுவார். பாதிக்கு மேல் எங்களால் உட்கார முடியவில்லை. பாதிப் பேர் பந்தடிக்கப் போய்விட்டார்கள். ஆன்டெனா சரியில்லாததால் படம் இடையிடையே உருண்டுகொண்டும் இருந்தது.

மறுநாள் சார் கேட்டார்: "உண்ணி கல்யாண வீட்டுக்குக் கிளம்பிப் போறார். வழியில தண்ணி தேங்கிக் கிடக்குது. அதைப் பார்த்ததும் திரும்பி வந்துடறார். ஏன்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பயம் என்றான் ஒருவன். சோம்பேறித்தனம் என்றான் இன்னொருவன். சார் இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது.

பத்தாவது முடித்த வருடம், 1989. சித்தூர் கொட்டகையில் 'கிரீடம்'. லோகிததாஸ் எழுதி சிபி மலையில் இயக்கியது. மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஆகவேண்டும் என்று கனவு காணும் ஹெட் கான்ஸ்டபிள் அச்சுதன் நாயராகத் திலகன், மகன் சேதுமாதவனாக மோகன்லால். சந்தையில் அப்பாவை ஒரு ரவுடி அடிப்பதைப் பார்த்து மகன் குறுக்கே பாய்கிறான். அங்கிருந்து அவன் வாழ்க்கை கையைவிட்டுப் போகிறது. கத்தியோடு நிற்கும் மகனிடம் அதைக் கீழே போடச் சொல்லி அப்பா கெஞ்சும் இடத்தில் கொட்டகையே அழுதது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அதற்குப் பின்னால் வருவதுதான். மகனுக்கு வேலை கொடுக்கலாமா என்று விசாரித்து ஸ்டேஷனில் சொல்லவேண்டியது அப்பாவின் பொறுப்பு. அவன் தகுதி இல்லாதவன் என்று அவரே அதிகாரியிடம் சொல்கிறார். உடுப்போடு, நேராக நின்று. அந்த நிற்பில் அத்தனை வருடச் சர்வீஸும் ஒரு அப்பாவின் மனசும் சேர்ந்து இருந்தது. திலகனைப் போல முதுகால் நடித்தவர் வேறு யாரும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பார்த்தது அதற்கு அடுத்த விடுமுறையில், பொள்ளாச்சியில் மாமா வீட்டு வீடியோ டெக்கில். 1979-ல் வந்த படம், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது. மனைவியை வதைக்கும் சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றை நோக்கி நடத்திப் போகிறது. அந்த நேரத்தில் அவன், நான் செய்த தப்புகளிலேயே பெரியது உங்கள் எல்லோரையும் என்னை மாதிரி ஆக்கியதுதான் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். கெட்டவன் வாயில் அப்படி ஒரு உண்மையைக் கொடுக்க மகேந்திரனுக்குத் தைரியம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் நான் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். டேப் தேய்ந்துவிடும் என்று மாமா திட்டினார்.

அப்புறம் வளைகுடா வந்தேன். ஒரு அறையில் எட்டுப் பேர். 1996-ல் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது என்று அம்மா கடிதம் எழுதினாள். மாப்பிள்ளைக்கு வேலந்தாவளத்தில் சைக்கிள் கடை, சொந்த வீடு கிடையாது. நான் வேண்டாம் என்று எழுதினேன். கொஞ்சம் பொறுங்கள், நான் நன்றாக வந்தபின் நல்ல இடமாகப் பார்க்கலாம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்த இரண்டுக்கும் அதே பதில்தான். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா படுத்த படுக்கையாகி ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன்.

'எலிப்பத்தாயம்' படத்தை மறுபடி பார்த்தது அம்மா போன பிறகு. ராத்திரி அறையில் தனியாக. ராஜம்மாவுக்கு வரும் வரன்களை உண்ணி தட்டிக்கழிக்கும் இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். சிறுவயதில் அந்த இடமே என் கண்ணில் படவில்லை. மீசையும் மாடும்தான் நினைவிருந்தது. ராஜம்மாவாகச் சாரதா. வீடு முழுக்க அவள்தான் நடந்துகொண்டே இருக்கிறாள். நாற்காலியும் மனிதரும் அசையாமல் இருக்க, அவளுடைய காலடியால்தான் அந்த வீடு நடக்கிறது. கடைசியில் உடம்புக்கு முடியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மறுநாள்தான் மிச்சப் படத்தைப் பார்த்தேன். நான் பார்த்த படங்களில் என்னை இவ்வளவு நேராகப் பார்த்த படம் வேறில்லை.

2023-ல் ஒரு வெள்ளிக்கிழமை, நம் பள்ளி நண்பன் ஒருவன் வீட்டில் 'நண்பகல் நேரத்து மயக்கம்' பார்த்தோம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி படம். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஜேம்ஸ் என்பவர் வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல்போன சுந்தரமாகவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். மம்மூட்டி உடம்பையே மாற்றிக்கொண்டு நடக்கிறார். நண்பன் மனைவி திருச்சூர்க்காரி, என் மனைவிக்குத் திண்டுக்கல். ஒருவருக்குத் தமிழ் வரும் இடத்தில் கீழே எழுத்து வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு மலையாளம் வரும் இடத்தில். எனக்கும் அவனுக்கும் எங்கேயும் வேண்டியிருக்கவில்லை. கண் தெரியாத அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, மகன் என்று வந்தவன் பக்கத்தில் இருக்கிறான். பின்னால் பழைய தமிழ்ப் படங்களின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர் மதியமே அதுதான். ஒரு ஆள் ஒரே நாளில் இரண்டு பேராக இருக்கலாம் என்பதை எல்லைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நண்பன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

போன லீவில் அக்காவிடம் லேப்டாப்பில் 'எலிப்பத்தாயம்' போட்டுக் கொடுத்து, "இந்தப் படத்தைப் பாருக்கா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். "இது துலாபாரம் சாரதாதானே?" என்று ஒருதரம் கேட்டாள். மாடு வந்தபோது சிரித்தாள். வரன் வரும் இடத்தில் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படம் முடிந்ததும், அந்த மூன்று கடிதங்களையும் நான் எழுதியிருக்கக் கூடாது என்று சொன்னேன். "அதுக்கென்னடா இப்போ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளை எங்கே தூக்கிட்டுப் போனாங்கன்னு காட்டவே இல்லையே" என்றாள்.

அப்போதுதான் சாரின் கேள்வி ஞாபகம் வந்து அவளிடம் கேட்டேன். தேங்கின தண்ணியைப் பார்த்து ஏன் திரும்பி வந்தான்?

"அதுதான்டா எனக்கும் விளங்கலை" என்றாள். "வேட்டி அழுக்கானா தொவைக்கப் போறது அவதானே? இவன் தாண்டிப் போயிருக்கலாமே."

அன்று சாயங்காலமே சாரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். அக்கா சொன்னதை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை பேர்கிட்டக் கேட்டேன், கண்ணு" என்றார். "தொவைக்கறவகிட்டக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."